ஊசிக்காரனும் செவலைப் பசுவும்

ஐம்பதுகளின் நடுவில் இலுப்பூர்ப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போட ஊர் ஊராகச் சைக்கிளில் போவேன். என் காக்கிச் சட்டையைத் தூரத்தில் கண்டதுமே மாடுகள் கயிற்றை அறுக்கப் பார்க்கும். கல்யாணம் ஆகும்வரை அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மனைவியோடு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு செவலைப் பசுவும் வந்தது. முந்தின வருடம் அவள் ஊரில் அதற்கு ஊசி போட்டவன் நான்தான். எனக்கு நினைவில்லை, அதற்கு இருந்தது. நான் தொழுவத்தில் தலையைக் காட்டினால் பாலை அடக்கிக்கொள்ளும்.

"நீங்க கொஞ்சம் அங்கிட்டு இருங்க," என்பாள் மனைவி. "ஒங்களப் பாத்தாலே நடுங்குது."

சட்டையை மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கையில் ஸ்பிரிட் வாடை போகவில்லை. வீட்டு மாடே என்னைக் கண்டு பயப்படுவது வெட்கமாக இருந்தது.

"இனிமே பருத்திக்கொட்டைய நீங்க வைங்க," என்றாள் ஒருநாள். "தொடாதீங்க. வச்சிட்டு வந்துருங்க."

முதல் வாரம் நான் நகர்ந்த பிறகுதான் தின்றது. அப்புறம் நான் நிற்கும்போதே தின்றது. மூன்று மாதத்தில் என் கையை நக்கவும் செய்தது.

அடுத்த ஐப்பசியில், புதிதாக ஈன்ற கன்றோடு மேய்ச்சலுக்குப் போன பசு ஒரு மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தது. மனைவி தண்ணீருக்குப் போயிருந்தாள். பசு என்னைப் பார்த்துக் கத்தியது. பசி என்று நினைத்துப் பருத்திக்கொட்டையை நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலடி நடந்து, நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து போனதும் மறுபடி நடந்தது.

செம்புறாங்கல் வெட்டிய பள்ளத்தில், கழுத்தளவு மழைத் தண்ணீரில் கன்று நின்றது. இறங்கித் தூக்கினேன். முன்னங்காலில் ஆழமான கிழிசல். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். பசு வழியெல்லாம் என்னை ஒட்டியே நடந்தது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன்.

"பழக்கம்யா அது," என்று சிரித்தார். "தீனி வைக்கிற ஆளத் தேடி வந்திருக்கும்."

"தீனிய நீட்டினேனுங்க. அது திங்கலைங்க."

அவர், "கன்னு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கன்று கொஞ்சம் விந்தியபடி பிழைத்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் முள் வெட்டிப் பள்ளத்தைச் சுற்றி அடைத்தோம்.