தலைகீழாகப் பார்த்த குருவி

மூன்று படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாக வைத்து, "நீ சொல்லும்மா, எது நல்லாருக்குது?" என்று மகள் கேட்டபோது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எப்போதும்போல "எனக்கு என்னா தெரியும்" என்று அடுப்படிக்குப் போயிருந்தால் பாதி வம்பு இல்லை. அன்றைக்கு வாய் திறக்கவில்லை, விரல்தான் தானாக நீண்டது. நடுவில் இருந்த குருவியைக் காட்டினேன். மூக்குக்கு முன்னால் ஒரு இலை, ஒரு காலைத் தூக்கினாற்போல ஒரு நிற்பு. பார்த்ததுமே பழகிய முகத்தைப் பார்த்தது போல மனசுக்குப் பிடித்துவிட்டது.

"எனக்கும் அதாம்மா. அப்ப அதயே வச்சிடலாம்" என்றாள்.

மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். அவள் அப்பாவுக்கு முடியாமல் போனபோது விருத்தாசலம் வந்தாள். அவர் போன பிறகும் என்னைத் தனியாக விட மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டாள். அப்போதுதான் போன் வயரிலேயே நெட் வந்த புதிது. வீட்டில் இருந்தபடியே கம்பெனி வேலை கொஞ்சம் செய்வாள். மிச்ச நேரமெல்லாம் வேறொரு வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தமிழில் டைப் அடித்துப் பழக ஒரு சாஃப்ட்வேர். ஐந்தாறு பேர் அவரவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு சேர்ந்து எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தியும் கொள்ளலாம் என்றாள்.

"ஏம்மா, சும்மா குடுக்கறதுக்கா இப்பிடிக் கண்ணக் கெடுத்துக்கற?"

"சும்மா குடுக்கறது பெருசு இல்லம்மா. இங்க ஸ்கூலு, கடை, எல்லா எடத்துலயும் திருட்டு சிடி போட்டுத்தான் ஓட்றாங்க. திருடாம ஒண்ணு இருக்குதுன்னு காட்டணும். அதுக்குத்தான்."

நான் ஐந்தாவதோடு நின்றவள். மற்றது புரியாவிட்டாலும் இது புரிந்தது.

அந்த சிடிக்கு மேலே போட ஒரு படம் வேண்டியிருந்தது. லோகோ என்றாள். நெட்டில் கேட்டால் எந்தத் தேசத்துக்காரரோ வீட்டிலிருந்து வரைந்து அனுப்புவாராம். கூலி என்று பார்த்தால், மூன்று படம் வரைந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சுமாரான புடவை விலைகூட வராது. அந்தப் பொறுப்பை மற்றவர்கள் மகளிடம் விட்டிருந்தார்கள். நீ பார்த்து முடித்தால் சரி என்று சொல்லிவிட்டார்களாம். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து சிடி கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வியாழக்கிழமை, அந்த ஐந்தாறு பேரில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் நல்லூர்ப் பக்கம் வாத்தியார். இன்னொருவர் மங்கலம்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். அவர்தான் அந்தக் குருவியைப் பெரிசாகக் கலரில் பிரிண்ட் போட்டு எடுத்து வந்திருந்தார்.

நான் டீ கொண்டுபோனேன். மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாங்க இது, குருவி எலையக் கடிக்கவே இல்லயே? தள்ளி நிக்குதே!" என்றார் வாத்தியார்.

"சார், அதுலதான் ஸ்டைலே இருக்குது. எலை பறந்து வந்து வாயில வுழற மாதிரி" என்றார் மங்கலம்பேட்டைக்காரர். "துபாய்ல இருக்கற எங்க மச்சான் பாத்துட்டு, ஏரோப்ளேன் வால்ல போடலாம்டான்னாரு."

"மொதல்ல உங்க மோட்டார் பைக்கு வால்ல போடுங்க. நம்பர் பிளேட்டே காணோம்" என்றாள் மகள். சிரித்தார்கள்.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எனக்கு அந்தக் குருவி தலைகீழாகத் தெரிந்தது. அப்போதுதான் அதை அடையாளம் கண்டேன். தட்டு சரிவது தெரியாமல் அதன்மேல் குனிந்தேன்.

"பாத்தும்மா, ஊத்திடப் போற" என்று மகள் ஒரு கிளாசைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்சாலையில், செராமிக் என்போம், நான் செய்தது கப்புக்குப் படம் ஒட்டும் வேலை. படம் தாளில் வரும். தண்ணீரில் போட்டால் மெல்லிய தோல் போலக் கழன்றுகொள்ளும். அதைக் கப்பின்மேல் வைத்து, தண்ணீரைப் பிதுக்கித் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். இடது கை விரல்களைக் கப்புக்குள் விட்டுத் தொப்பி மாட்டினாற்போலக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டுவோம். துடைத்த பிறகு பலகையில் வைப்பதும் கவிழ்த்துத்தான். அதனால் நாங்கள் ஒட்டிய பூவும் மயிலும் படகும் எங்கள் கண்ணுக்கு எப்போதும் தலைகீழ். நிமிர்த்திப் பார்த்தவர்கள் அதில் டீ குடித்தவர்கள்தான்.

இந்தக் குருவியை எத்தனை ஆயிரம் ஒட்டியிருப்பேனோ. இது வந்த முதல் வாரமே எனக்குத் திட்டு விழுந்தது. மூக்குக்கும் இலைக்கும் நடுவில் ஒரு நூல் இடம் விட்டிருந்தது. நான்தான் இழுத்துக் கிழித்துவிட்டேன் என்று சரக்கைச் சரிபார்க்கிறவர் எல்லோர் முன்னாலும் கத்தினார். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவள்தான் ஒட்டாத தாளை எடுத்து அவர் மூக்குக்கு நேராகக் காட்டினாள். எல்லாக் குருவிக்கும் அந்த இடம் விட்டிருந்தது. அச்சுப் போட்ட இடத்திலேயே தப்பு.

இப்போது மேசைமேல் இருந்த குருவிக்கும் அதே நூல் இடம். தூக்கிய காலில், கப்பில் இருந்ததைப்போலவே, இரண்டே விரல்.

திருட்டு வேண்டாம் என்று சொல்லப் போகிற சிடிமேல் திருடின படம். அதை விரல் நீட்டிப் பொறுக்கிக் கொடுத்தவள் நான். என் மகளை நாலு பேர் நடுவில் நிற்க வைத்து யாராவது கேட்டால் என்ன சொல்வாள்?

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியார் இருக்கிறார், வெளியாள் இருக்கிறார். நான் சொல்லி அது வேறு குருவியாக இருந்துவிட்டால்? அஞ்சாங்கிளாஸ் அம்மா வந்து கெடுத்தாள் என்று மகளுக்குத்தானே தலைகுனிவு. காலி கிளாசுகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவர்கள் போன பிறகாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை அவள் அறை வாசல் வரை போனேன். "என்னம்மா?" என்றாள். "சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு வரும் என்று தோன்றியது. வீட்டில் ஒன்றும் இல்லை. அந்தக் குருவி வந்த வருஷங்களில் மகள் ஹாஸ்டலில் இருந்து படித்தாள். அப்போது வீட்டில் இருந்த கப்புகளெல்லாம் உடைந்தும், கேட்டவர்களுக்குக் கொடுத்தும் போய்விட்டன. வெள்ளிக்கிழமை காலையில், கோயிலுக்குப் போயிட்டு வரேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஜங்ஷன் பக்கம் குடியிருந்த என் பழைய கூட்டாளி வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கு எனக்காகத் தாளை எடுத்துக் காட்டியவள் அவள்தான்.

"என்னாக்கா, வாயில்லாப்பூச்சி வூடு தேடி வந்துருக்குது! இன்னிக்கு மழதான்."

"ஒரு கப்பு வேணும். குருவிக் கப்பு."

"நீயே செராமிக்ல கெழவியானவ. எங்கிட்ட வந்து கப்பு கடன் கேக்கறியே, வெக்கமா இல்ல?" என்று சிரித்தாள். "எதுக்கு?"

"ஒரு அளவு பாக்கணும்."

"என்னா அளவு?"

எனக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வியை விட்டாள். அலமாரியிலிருந்து காது உடைந்த ஒரு கப்பை எடுத்து, உள்ளே இருந்த ஊக்கையும் பொத்தானையும் கொட்டிவிட்டுக் கொடுத்தாள். இப்படி அடிபட்டதை செகண்ட்ஸ் என்று ஒதுக்கி எங்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அதே குருவி. அதே நூல் இடம். அதுவரை நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் போனில் இருந்தாள். நான் கப்பைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன். பேச்சை அது பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு கோழை நினைப்பு. மத்தியானம் எட்டிப் பார்த்தேன். அவள் கை அதைத் தாண்டித் தாண்டிப் போகிறது. பார்த்தும் பேசாமல் இருக்கிறாளா, எனக்கு மேல் பயப்படுகிறாளா என்று நான் குமைந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் கரெண்ட் போனது. அந்த வருஷங்களில் தினமும் போகும். உள்ளிருந்து மகள் குரல் வந்தது: "நல்ல ஸ்டாண்டு குடுத்தம்மா!"

போய்ப் பார்த்தால், கப்பின் அடியில் மெழுகுவர்த்தியை நட்டு வைத்திருக்கிறாள். நான் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எத்தனையோ வருஷத்துக் கை அப்படித்தானே வைக்கும்? குருவி தலைகீழாக நிற்கிறது. மெழுகு ஒழுகி அதன் காலில் உறைந்திருந்தது.

"அதக் கொஞ்சம் நிமித்திப் பாரு."

"மெழுகுவத்தி இருக்குதேம்மா."

"எடுத்துட்டுப் பாரு. நிமித்துனாத்தான் ஒனக்குத் தெரியும்."

மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் கப்பை நிமிர்த்தினாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் அந்த நூல் இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது எப்ப செஞ்சது?"

"நீ ஹாஸ்டல்ல இருந்தப்ப. நாங்க ஒட்டுனது."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து. டீ குடுக்கறப்ப."

"நேத்தேவா?" என் பக்கம் திரும்பினாள். "காலையிலதாம்மா சிடி அட்டை அடிக்கக் குடுத்தாங்க. இந்நேரம் அடிச்சு முடிச்சிருப்பாங்க. ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னா? நான் என்னா உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மங்கலம்பேட்டைக்காரருக்குப் போன் போட்டாள். அட்டை தயாராகி, கட்டுக் கட்டி வைத்தாயிற்றாம். அவர் ஏதோ சொன்னார்.

"யாரு கண்டுபிடிப்பாங்கன்னு கேக்காதீங்க. எங்கம்மாவே கண்டுபிடிச்சிட்டாங்க" என்றாள். கோபமா வேறு ஏதாவதா என்று அந்த இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

அடித்த அட்டையெல்லாம் வீணானது. வாத்தியார் சனிக்கிழமை வெள்ளைக் கவர் வாங்கி வந்தார். மூன்று பேரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேனாவால் சாஃப்ட்வேரின் பேரை எழுதினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் அங்கே பேசும்போது, படம் ஏன் இல்லை என்பதை மறைக்காமல் சொன்னாளாம். நான் போகவில்லை. திரும்பி வரும் வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்தவள், "யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. ரெண்டு பேரு கை தட்டுனாங்க" என்றாள். அப்புறம்தான் நான் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

படம் வரைந்தவருக்குக் கப்பைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அவர் வீட்டில் அதே கப்பு இருக்கிறதாம். முன்னால் வைத்துக்கொண்டு பார்த்து வரைந்தாராம். எப்போதோ யாரோ போட்ட படம், இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தாராம். இந்தக் கூலிக்கு ஒரு நாளைக்கு நாலு படம் வரைந்தால்தான் வீடு ஓடுமாம். மன்னித்துக்கொள்ளுங்கள், நட்சத்திரத்தை மட்டும் குறைக்காதீர்கள் என்று எழுதியிருந்தார்.

"அது என்னா நட்சத்திரம்?"

"வேலை குடுத்தவங்க அஞ்சுக்கு எத்தனன்னு போடணும். கொறஞ்சா அப்பறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

அவர் வீட்டுக் கப்பு எங்கள் ஊர்க் கப்பா, அதே தாளை வாங்கி வேறு ஊரில் ஒட்டியதா, தெரியாது. ஆனால் எல்லோர் முன்னாலும் நான் திட்டு வாங்கி நின்ற நாள் ஞாபகத்துக்கு வந்தது. நான் செய்யாத தப்புக்கு நின்றேன். இவர் செய்த தப்பு. இருந்தாலும், அவசரப்படுத்தினால் எந்தக் கையும் கோணலாகத்தான் ஒட்டும்.

"நம்மளும் சல்லிசாத்தானே கேட்டோம்" என்றாள் மகள், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. எத்தன போடலாம்?"

எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை விரல் நீட்டி ஆனதே போதாதா? ஆனால் இந்தத் தடவை அவள் விடுகிறாப்போல இல்லை.

"ஒடச்சுப் போடாத. செகண்ட்ஸ்னு வையி."

அவள் யோசித்து மூன்று போட்டாள். என்ன நடந்தது என்பதையும் கீழே நாலு வரி எழுதினாள். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு வேலை வந்ததா என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். "தெரியலம்மா" என்பாள்.

கப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, "அளவு சரியா இருந்துச்சா?" என்று கூட்டாளி கேட்டாள். அடியில் ஒட்டியிருந்த மெழுகை நான் சரியாகச் சுரண்டவில்லை. அதை அவள் நகத்தால் எடுத்துக்கொண்டே கேட்டாள். அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொருவர் புதுப் படம் அனுப்பினார். மகள் பிரிண்ட் எடுத்து வந்து மேசையில் என் முன்னால் வைத்தாள், தலைகீழாக.

"நல்லாப் பாருங்க" என்றார் வாத்தியார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். நான் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, குனிந்து, மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தேன்.