பரளச்சி வெயிலில் ஒரு வெள்ளைப் பன்றி

சித்திரை மாதம், உச்சிப் பொழுது. பரளச்சியிலிருந்து செல்லத்தாய் போனில் அழுதார். "சார், சினைப் பன்னி வாயத் தொறந்து மூச்சு வாங்குது. வாரீகளா?"

அருப்புக்கோட்டை வீட்டில் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு பஸ் ஏறினேன். கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில் மதியச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

பன்றி வளர்க்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் பல வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடினேன். நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா? இரண்டும் குறைவென்றால் கறுப்புக் கலப்பினம் வாங்குங்கள். வெள்ளை யார்க்‌ஷயர் நன்றாக எடை ஏறும், நிறையக் குட்டி போடும். ஆனால் நம் பக்கத்து வெயிலில் அதன் தோல் வெந்துவிடும். எல்லாரும் தலையாட்டுவார்கள். நேரே போய் வெள்ளையை வாங்கிக்கொண்டு வருவார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிற்று.

யோசனை கேட்டு வந்த அன்றே, வெள்ளைதான் வேண்டும் என்பதற்கான காரணத்தைச் செல்லத்தாய் மட்டும் ஒளிக்காமல் சொன்னார். கணவர் இறந்துவிட்டார். கொஞ்சம் மானாவாரி நிலம், கல்யாண வயதில் மகள் ஜோதி.

"கறுப்பு வேண்டாம் சார். வெள்ளையின்னா பண்ணை வச்சிருக்காகம்பாக. கறுப்புன்னா பன்னி மேய்க்காகன்னு பேசுவாக. அப்புறம் எம் மகளக் கேட்டு யாரு வருவா?"

"வெயில்ல கெடக்கப் போறது பன்னிம்மா, உங்க சொந்தபந்தம் இல்ல" என்றேன். அவர் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பன்றி எழ முடியாமல் கிடந்தது. காதெல்லாம் சிவந்து உரிந்திருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் சாக்கில் ஊற்றி தாயும் மகளும் அதன் மேல் போர்த்தியிருந்தார்கள். ஊசி போட்டேன். பொழுது சாய்வதற்குள், குட்டிகளை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மிச்சமிருந்த ஆண் பன்றியைப் பார்க்க அடுத்த வாரம் போனேன். அன்றைக்குத்தான் ஜோதியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"வெள்ளையென்ன, கறுப்பென்ன. பன்னி பன்னிதான?"

காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். செல்லத்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே ஜோதிதான் கேட்டாள். "கறுப்பு எங்க கெடைக்கும் சார்?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெயிலையும் தண்ணீரையும் விசாரிக்கும்போதே, யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஊர்ப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்வது சுலபம். நானும் சொன்னவன்தான். சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். அவர்கள் அந்த ஊரில்தான் இருக்க வேண்டும்.