தட்டை யார் எடுப்பது

இங்கே ஒரு மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் அந்த இடம் உங்களுடையது. சாப்பாடு வாங்கிக்கொண்டு நீங்கள் திரும்பி வரும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு சீனர் கையில் தட்டோடு வந்து நின்றார். என்னையும் பொட்டலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். டிஷ்யூ விற்கிறவர் போல என்று நினைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக உழுத நிலத்தில் இப்படி ஒரு காகிதத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்ப் பாருங்கள்.

குடவாசல் பக்கம் எனக்கு ஊர். எட்டாவது வரை படித்தேன். இங்கே பதினோரு வருடமாகக் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறேன். இப்போது ஊரிலிருந்து நாலு நாள் டூர் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான். எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம். சரி, சொல்கிறேன். சிக்கன் ரைஸ் என்பது அவித்த கோழியும் கோழித் தண்ணீரில் வெந்த சோறும். அதற்கு முக்கால் மணி நேரம் வரிசை. ரேஷன் கடையில் பத்து நிமிடம் நிற்காதவர்கள் இதற்கு நிற்கிறார்கள். மலாய்க் கடையில் நாசி லெமாக் என்று தேங்காய்ப்பால் சோற்றின்மேல் வறுத்த நெத்திலி வைப்பார்கள். நாகூர் பஸ்ஸில் கருவாட்டுக் கூடை ஏறினால் மூக்கைப் பொத்துகிற ஆட்கள் இங்கே அந்த நெத்திலியைப் படம் எடுக்கிறார்கள். கோப்பி ஓ கோசோங் என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கருகின வாடை மட்டும் உண்டு. அதையும் கண்ணை மூடிக் குடித்துவிட்டு ஆகா என்பார்கள். பீர் வேண்டுமென்றால் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். கீழே எரிகிற விளக்குகளையும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். அப்படி ஒரு மாடிக்கு நானும் கம்பி கட்டினேன். திறந்த பிறகு போனதில்லை.

நீ எங்கே சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. விடிவதற்கு முன்பே நாங்கள் தங்குகிற டார்மெட்ரி வாசலில் சோற்றுப் பொட்டலம் வந்து கிடக்கும். மதியம் பிரித்தால் குழம்பு நுரைத்திருக்கும். அதற்கு வரிசை இல்லை.

போன ஆனி மாதம் பண்ணை வீட்டுச் சேகர் மனைவியோடு வந்தார். அவர் நிலத்தில் ஒன்பது மாவை, அதாவது மூன்று ஏக்கரை, என் அண்ணன் குத்தகைக்குப் பார்த்து வந்தான். அதற்கு முன் அப்பா, அவருக்கு முன் தாத்தா. எல்லாம் வாய்ப்பேச்சு. காகிதம் கிடையாது. அண்ணன் போனில் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம உனக்கு லீவுதானே? கூடவே இருந்து நல்லா சுத்திக் காட்டு. இந்த வருசத்துக் குத்தகைய அவரு இன்னும் வாயால சொல்லல. நான் பாட்டுக்குக் குறுவைக்கு நாத்து விட்டுட்டேன். கோவத்துல எதையும் பேசி வச்சிடாதடா."

"நான் எங்க பேசுறேன்" என்றேன்.

சேகருக்கும் எனக்கும் ஒரே வயது. போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். சீனச் சாப்பாடு ஒன்று, மலாய் ஒன்று, இந்தோனேசியா ஒன்று, நம்முடையது ஒன்று. ஒரே நாளில் முடிக்க வேண்டுமாம். ரயில் மாறி மாறிப் போனோம். எல்லாத் தட்டிலும் இரண்டு வாய். பிறகு படம். பிறகு எழுந்துவிடுவார். மீதி தட்டிலேயே கிடக்கும். நாற்று விட்டவன் ஒருவனும் அப்படி வைக்க மாட்டான். இவர் நிலம் வைத்திருக்கிறவர்.

இங்கே பல கடைக்கும் பொதுவாக மேசை போட்ட இந்த உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை அவரவர்தான் எடுத்துப்போய் அடுக்கில் வைக்க வேண்டும். சட்டமே இருக்கிறது. கோட் போட்ட ஆபீசரும் எடுப்பார், நானும் எடுப்பேன். முதல் கடையில் மூன்று தட்டையும் நானே எடுத்தேன். ஊருக்குப் புதியவர், தெரியாது. இரண்டாவது கடையிலும் எடுத்தேன். மூன்றாவது கடையில் அவர் மனைவி தன் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"நீ ஏன் எடுக்குற? செல்வம் இருக்கான்ல" என்றார் சேகர்.

"எல்லாரும்தான் எடுக்குறாங்க, பாருங்க."

"இவங்க அப்பா காலத்துலேர்ந்து நம்ம வீட்டுல எல எடுத்த கை இது. ஏரோப்ளேன் ஏறி வந்தும் பழக்கம் போகல பாரு. இல்லடா செல்வம்?"

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மூன்று தட்டையும் எடுத்தேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. பண்ணை வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் பந்தி முடிந்ததும் அப்பா கூடையோடு உள்ளே போவார். ஊரைவிட்டு வரும்வரை நானும் போனேன். சாப்பிட்டவர்கள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். தூக்கும்போது ரசமும் மோரும் வழிந்து முழங்கைவரை ஓடும். கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு கொல்லைப்பக்கம் எங்களுக்குச் சோறு. எங்கள் இலையை நாங்களே எடுத்துப் போட்டுவிட்டு வருவோம். அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குத்தகை நிலம் கையில் இருந்தது, அதனால் சொல்லவில்லை.

நாலாவது கடை தேக்காவில், நம் ஆட்கள் கூடுகிற இடம். பரோட்டாவை இங்கே பிராட்டா என்பார்கள். சேகர் அதிலும் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "நம்ம கும்மோணத்துக்குக் கால்தூசி வருமா?" என்றார். அதற்குத்தான் ஒரு மணி நேரம் வந்திருந்தோம். அவர் மனைவி எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் என் தட்டை எடுத்தேன். சேகருடையதை எடுக்கவில்லை.

"டேய், இத யாரு எடுப்பா?"

"இங்க அவங்கவங்கதான் எடுக்கணுங்க."

"மத்த கடையில எடுத்த?"

"எடுத்தேங்க."

 எனக்கு அவ்வளவுதான் பேச வந்தது. அண்ணன் விட்ட நாற்று ஞாபகம் வரத்தான் செய்தது. கை போகவில்லை.

மேசை துடைக்கிற வயதான சீன அம்மாள் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். தட்டைக் காட்டினார், சேகரைக் காட்டினார், என்னைப் பார்த்து, "யுவர் ஃபிரண்ட் ஆ? டெல் ஹிம் லா" என்றார். இரண்டு பேரும் ஒரே மேசை, ஒரே நிறம். அவர் கண்ணுக்கு நாங்கள் கூட்டாளிகள். தட்டு என்ற பேச்சுக்கு வராத கோபம் ஃபிரண்ட் என்ற சொல்லுக்குச் சேகருக்கு வந்தது. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனார். அந்த அம்மாள் என்னிடம் ஏதோ சீனத்தில் முணுமுணுத்தபடி தட்டை எடுத்து வண்டியில் வைத்தார்.  அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது அதற்கு மட்டும்தான்.

ரயிலில் சேகர் போனில் எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஹோட்டல் வாசலில் அவர் மனைவி, "வர்றோங்க, உங்களுக்கு ரொம்ப சிரமம்" என்றார். அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்னை வாங்க போங்க என்று பேசியது அது ஒருமுறை.

அவர்கள் ஊர் திரும்பிய நாலாம் நாள் அண்ணன் கூப்பிட்டான்.

"நெலத்த வேற ஆளுக்கு விட்டாச்சாம். கணக்குப்புள்ளைய விட்டுச் சொல்லி அனுப்புறாரு. என்னடா பண்ணுன அங்க?"

சொன்னேன்.

"ஒரு தட்ட எடுத்து வச்சா ஒங்கையி தேஞ்சா போயிடும்? மூணு எடுத்தவனுக்கு நாலாவது கசக்குதோ?"

"தேயாது. எடுக்கல."

"நீ அங்க ஒக்காந்துகிட்டு ரோசம் பாப்ப. நாத்து இருவத்தஞ்சு நாளு ஆச்சு. நான் இத எங்கடா நடுவேன்?"

   அப்பா இருந்திருந்தால் என் பக்கம் பேசியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டை எடுத்திருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓர் உணவங்காடியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஒரு படம் அனுப்பினான். அந்த ஒன்பது மாவிலும் நடவு முடிந்திருந்தது. புதுக் குத்தகைக்காரர் நாற்று கிடைக்காமல் எங்கள் நாற்றையே கேட்டு வந்தாராம். முற்றிப் போனால் ஆடு மாடுதான் தின்னும் என்று அண்ணன் கொடுத்துவிட்டான். படத்துக்கு அடியில் ஒன்றும் எழுதவில்லை. தண்ணீர் பளபளவென்று நின்றது. வரிசை நேராக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வெரி நைஸ் லா. யுவர் லேண்ட் ஆ, அங்கிள்?"

நிலம் சேகருடையது. நடுகிறவர் வேறொருவர். நாற்று எங்களுடையது. இதையெல்லாம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது.

ஆமென்று தலையை ஆட்டினேன்.