ரூபியோட பாதமும் நான் அளந்த ஈர்க்கும்

உங்க முன்னால நின்னு இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. ஆனா சொல்லாம விட்டா ஆண்டவர் செஞ்சதை நானே மறைச்ச மாதிரி ஆயிடும். முழுசாக் கேளுங்க. என்னைத் திட்டணும்னா கடைசியில திட்டுங்க.

யுத்தம் முடியிறதுக்கு முந்தின வருஷம். நாங்க கண்டிக்கு மேல ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தோம். என் மக ரூபிக்கு அப்ப பதினாலு வயசு. டவுன் சின்ட்ரோம் பிள்ளைன்னு உங்களுக்குத் தெரியும். கண்டி டவுன்ல இருக்கிற விசேட வகுப்புக்குக் கிழமையில ரெண்டு நாள் பஸ்ல கூட்டிட்டுப் போவேன்.

அப்பல்லாம் பாதி வழியில ஆமிச் சோதனைத் தடுப்புல பஸ்ஸை நிறுத்திருவாங்க. எல்லாரும் இறங்கி, அடையாள கார்டைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, தடுப்பைத் தாண்டி நடந்து போய்த் திரும்ப ஏறணும். தமிழ் ஆளுங்கன்னா ரெண்டு கேள்வி கூடுதலா இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை ரூபி அந்தத் தடுப்புக்கு நடுவுலயே பொத்துன்னு உக்காந்துட்டா. உக்காந்ததோட விட்டாளா? ஒரு கால் சப்பாத்தைக் கழட்டி வீசினா. அது நேரா ஆமிக்காரர் காலடியில போய் விழுந்திச்சு.

ஐயோ! அந்த நேரத்துல எதை வீசினாலும் என்ன நினைப்பாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? அவரோட துவக்குக் குழல் எங்க பக்கம் திரும்பிருச்சு. பின்னால நின்ன சனம் சிதறி ஓடுது. "நெகிட்டின்ன!"ன்னு சிங்களத்துல கத்துறார், எழும்பச் சொல்றார். இவ அசையல. எனக்கு உசிரே போயிருச்சு. அப்ப நான் என்ன செஞ்சேன் தெரியுமா? துவக்கு நீட்டியிருக்கும்போதே என் பிள்ளை கன்னத்துல ஓங்கி அறைஞ்சேன். அவ அழல. அந்த ஆமிக்காரர்தான் துவக்கை இறக்கிட்டு, சப்பாத்தை எடுத்து உள்ள பார்த்து, என் கையில குடுத்தார்.

இன்னொரு தடவை இப்படி உக்காந்தா சுட்டுருவாங்கன்னு பயம். சபையில வந்து விழுந்து அழுதேன். நீங்க எல்லாரும் என்னோட மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தீங்க. "இந்தப் பிள்ளையோட பிடிவாதத்தை உடைச்சுப் போடும் ஆண்டவரே"ன்னுதான் கேட்டோம். வீட்டு ஜெபத்துலயும் அவ அடங்க மாட்டா. கண்ணை மூடிக் கையைக் கூப்புன்னா, குனிஞ்சு தன் காலைப் பிடிச்சிட்டு இருப்பா. கையில ரெண்டு போட்டு, இழுத்துக் கூப்ப வைப்பேன்.

உபவாசம் முடிஞ்ச அடுத்த கிழமை வகுப்பு டீச்சர், "கால் பார்க்கிற மிஸ் ஒருத்தங்க வந்திருக்காங்க, கம்பியூட்டர்ல பாதத்தை அளக்கிறாங்க, நில்லுங்க"ன்னாங்க. எனக்கு எரிச்சல். பிள்ளைக்குப் பிடிவாதம், இவங்க காலை அளந்து என்ன செய்யப் போறாங்க?

போட்டோ கொப்பி மெஷின் மாதிரி ஒரு கண்ணாடி. ரூபி சப்பாத்தைக் கழட்டிட்டு, யாரும் சொல்றதுக்கு முந்தியே ஏறி நின்னா. கீழ ஒரு வெளிச்சம் ஓடிச்சு. பாதம் அப்படியே கம்பியூட்டர்ல வந்திருச்சு. நடுவுல வளைவே இல்ல, தட்டி வச்ச ரொட்டி மாவு மாதிரி முழுப் பாதமும் பதிஞ்சிருக்கு. மிஸ் நீளத்துக்கும் அகலத்துக்கும் கோடு போட்டாங்க. அப்புறம் சப்பாத்தை வாங்கி அதே கண்ணாடியில வச்சு, ரெண்டு படத்தையும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா காட்டினாங்க.

பாதம் சப்பாத்துக்கு ரெண்டு பக்கமும் வெளிய நிக்குது!

"அது எப்படி மிஸ்? அளந்துதானே வாங்கினேன்!"ன்னு சண்டைக்கே போயிட்டேன். அளவுக்கு ஒடிச்சு பைபிளுக்குள்ள வச்சிருந்த ஈர்க்கை எடுத்துக் காட்டினேன். நம்ம ஆளுங்க எல்லாரும் செய்றதுதானே, குதிகால்ல இருந்து பெருவிரல் வரைக்கும் ஈர்க்கை வச்சு ஒடிச்சு, கடையில சப்பாத்துக்குள்ள விட்டுப் பார்க்கிறது. ரூபியை நான் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போனதே இல்ல. கடைத்தெருவுல குண்டுப் பயம்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். பொய். ஆளுங்க என் பிள்ளையை உத்துப் பார்க்கிறது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"நீளம் சரிதான் அம்மா. அகலத்தை யார் அளந்தாங்க?"ன்னாங்க மிஸ். "இந்தப் பிள்ளைங்கள்ல நிறையப் பேருக்குப் பாதம் கட்டையா, அகலமா, தட்டையா இருக்கும். இந்தச் சப்பாத்துல இவ எப்படி நடந்தான்னே தெரியல."

"வலிச்சா அழணுமே மிஸ்? இவ அழவே இல்லையே!"

"வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைங்க இருக்காங்க அம்மா. அவங்க வேற விதமாத்தான் காட்டுவாங்க."

ரூபி கண்ணாடியில இருந்து இறங்கி, தன் பாதம் தெரியிற அந்தப் படத்தைப் பார்த்தா. பார்த்துட்டு முழங்கால் போட்டா. கண்ணை மூடினா. ரெண்டு கையாலயும் காலைப் பிடிச்சுக்கிட்டா.

வீட்டு ஜெபத்துல செய்ற அதே மாதிரி.

என் ஆண்டவரே! அத்தனை நாளும் அவ விளையாடல. என் பிள்ளை ஜெபம் பண்ணிட்டு இருந்திருக்கா. நான் அவ கையில அடிச்சு அடிச்சு அதை நிறுத்தியிருக்கேன். நாம மூணு வெள்ளிக்கிழமை கேட்டது ஒண்ணு. ஆண்டவர் செவி குடுத்தது அவளுக்கு.

அந்தப் படத்தை வச்சு டவுன்ல ஒருத்தர் அகலமா, உள்ள மெத்தை வச்ச சப்பாத்து தைச்சுத் தந்தார். அதைப் போட்டுட்டு ரூபி அதே தடுப்பை நடந்து தாண்டினா. எனக்கு முன்னால போய் நின்னு, "அம்மா, வாங்க!"ன்னு என்னைக் கூப்பிட்டா. நான்தான் நடு ரோட்டுல நின்னு அழுதுட்டு இருந்தேன்.

பிள்ளைங்களை வச்சிருக்கிற தாய்மாரே, நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்க. அவர் கேட்பார், எனக்குத் தெரியும். ஆனா உங்க பிள்ளை ஏற்கனவே என்ன கேட்டுட்டு இருக்குன்னு கொஞ்சம் பாருங்க. எங்க வீட்டு ஜெபத்துல ரூபி இன்னமும் காலைத்தான் பிடிப்பா. நான் கையை இழுக்கிறதில்ல. நானும் குனிஞ்சு அவ காலைப் பிடிச்சுக்கிறேன்.