ஆற்றுப் பனியில் ஓட்டெடுப்பு

லெமுவல் ஹாஸ்கின்ஸுக்கு யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல வராது. எங்கள் அயோவா எல்லைப்பக்கம் அவர் பெரிய மனிதரானதும் அதனால்தான், நாசமாய்ப் போனதும் அதனால்தான்.

ஆரம்பத்தில் படகு ஓட்டினார். அக்கரைக்குப் போகிறவர்களிடம் பேசிப் பேசியே சட்டசபைக்குப் போய்விட்டார். தேர்தலன்று விஸ்கிப் பீப்பாயைத் திறந்துவிடுவார். அவர் குதிரைக்கு லாடம் அடிக்கிற எனக்கும் தாராளமாக ஊற்றியிருக்கிறார்.

எல்லைக் காவலுக்கு ஊர்ப்படை திரட்டியபோது, வழக்கப்படி கேப்டனை நாங்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்தோம். அவரைவிட்டால் யார்? லாடக்காரனாக நானும் கூடவே போனேன்.

குளிர்காலம் முடிகிற சமயம், பசியோடு ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். அக்கரையில் முகாம், சூடான சாப்பாடு. பாலம் வழியாகச் சுற்றினால் இரண்டு நாள் நடை. ஹாஸ்கின்ஸ் குனிந்து, உறைந்திருந்த ஆற்றைத் தட்டிப் பார்த்தார்.

“பனி கருத்து இளகிப் போச்சுப்பா, ஆளைத் தாங்காது. சுத்தியே போயிடலாமே?”

“இன்னும் ரெண்டு நாளா? அப்புறம் தேர்தலன்னிக்கு எங்க காலு உங்க பக்கம் நடக்காது கேப்டன்” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“படகோட்டின ஆளு நீங்க. உங்களுக்குத் தெரியாத ஆறா? சுத்தித்தான் போகணும்னு உத்தரவு போடுங்க” என்றேன் காதோரமாக.

“போட்டா நாளைக்கே வேற கேப்டன் வச்சுக்குவாங்கய்யா” என்றவர், திரும்பி, “சரி, கடக்கலாம்கிறவங்க கை தூக்குங்க” என்றார்.

முதலில் உயர்ந்தது அவர் மகன் ஏசாவின் கை. “நானே முன்னால போறேன்ப்பா. நீங்க வீணாப் பயப்படுறீங்க.”

நடு ஆற்றில் பனி உடைந்தது. ஏசாவோடு ஒன்பது பேர் உள்ளே போனார்கள். ஹாஸ்கின்ஸ் வயிற்றால் ஊர்ந்து அந்த ஓட்டைவரை போனார். ஏசாவின் தொப்பிதான் கிடைத்தது. அவர் காலைப் பிடித்து இழுத்து வந்தவன் நான்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று அடுத்த தேர்தலில் ஊரே அவருக்கு ஓட்டுப் போட்டது. சட்டசபையில் அவர் ஒரே ஒரு மசோதாதான் கொண்டுவந்தார்: படைக்குக் கேப்டனைப் படையாட்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது.

“ஜனங்க உரிமையில கை வைக்கிறீங்களா, ஹாஸ்கின்ஸ்?” என்று கேலி செய்தார்கள்.

நான் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார் அவைத்தலைவர். அவையில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. இறக்குங்கள் என்று இரண்டு முறை சொல்லியும் ஹாஸ்கின்ஸ் அதை இறக்கவில்லை.