ஷாஃப்டில் காய்ந்த சந்தனம்

சாமி பேரைச் சொல்லி வேலையில் தப்பிக்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அண்ணாமலையாரைக் கும்பிடாமல் பட்டறைக் கதவைத் திறக்காதவன் நான். அதனாலேயே அந்தக் கோபம் எனக்கு ஜாஸ்தி.

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் நானும் என் மச்சானும் ஜீப் பட்டறை வைத்திருந்தோம். மச்சான் என் மனைவியின் தம்பி. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்று எங்களுக்குச் சொந்தமாக இருந்தது. ஜவ்வாது மலையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு அப்போது நிறைமாதம். ஆயுத பூஜை முடிந்த கையோடு, நல்ல நாள் பார்த்து, அவளைப் பிரசவத்துக்கு அந்த ஜீப்பில்தான் அழைத்துவர வேண்டும்.

வண்டிக்கோ ஒரு வியாதி. லோ கியரில் இறக்கம் இறங்கினால் லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்புறம் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏதோ தேய்ந்திருந்தது. மச்சான் அதைப் பிரித்துப் போட்டான். பூஜையன்று அந்தச் சாமான்களையும் அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்தோம். மறுநாள் அவனே பூட்டினான்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஓட்டிப் பார்த்தேன். அடி அண்ணாமலைப் பக்கம் ஏரிக்கரைச் சரிவில் லிவர் மறுபடியும் துள்ளியது. நேராகப் பட்டறைக்கு வந்தேன்.

"ஷாஃப்டைப் பாத்தியாடா?"

"பாத்தேன் மாமா. நகம் வச்சுத் தடவினேன், வழுவழுன்னு இருந்துச்சு. பூஜையில வச்ச சாமான், ஒண்ணும் ஆவாது. பொட்டு வச்சுப் பூட்டினதைப் பிரிச்சா அபசகுனம். அவரு பாத்துக்குவாரு."

"எல்லாம் அவரே பாத்துக்குவாருன்னா உனக்கு எதுக்குடா ஸ்பானர்? போய் மணியாட்டு."

நானே பிரித்தேன். பல்சக்கரத்தைத் தாங்கும் அந்த ஷாஃப்டில், பேரிங் ஊசிகள் உருண்டு உருண்டு வரிவரியாகப் பள்ளம் பறித்திருந்தன. வரிகளுக்குள் மஞ்சளாக என்னவோ. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். காய்ந்த சந்தனம்! எண்ணெயில் ஊறியும் முழுசாகப் போகவில்லை. மேலாகத் துடைத்துவிட்டு, சந்தனம் அடைத்த பள்ளத்தின் மேல் நகத்தை ஓட்டியிருக்கிறான். வழுவழுவென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அவன் கையைப் பிடித்து இழுத்து ஷாஃப்டின் மேல் வைத்தேன்.

"இப்பச் சொல்லு. நகம் மாட்டுதா?"

"கொஞ்சமா மாட்டுது மாமா."

"அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான்டா ரெண்டு உசுரு மலை இறங்கணும்!"

பார்த்த நாள் தவறிப்போனது. அம்மா என்னோடு பேசவில்லை. வேலூர் போய்ப் புது ஷாஃப்டும் பேரிங்கும் வாங்கிவந்து பூட்டினேன். இந்த முறை சந்தனப் பொட்டு பானெட்டுக்கு மட்டும்தான் வைத்தேன்.

தங்கையை முன்னால் உட்காரவைத்து மலை இறங்கினோம். மச்சான் பின்சீட்டில். வளைவுக்கு வளைவு என் கண் லிவரின் மேலேயே இருந்தது. அது அசையவில்லை. பாதி மலையில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களா மாமா? அன்னிக்கு வச்ச சந்தனம் வீண்போகலை."

வண்டியை ஓரங்கட்டினேன்.

"எறங்குடா."

"மாமா, சும்மா தமாசுக்கு..."

"எறங்கு!"

"அண்ணா, பாவம், விட்டுடுண்ணா," என்று தங்கை கெஞ்சினாள். நான் லோ கியரைப் போட்டேன். மிச்ச மலையை அவன் நடந்தே இறங்கினான்.