கொட்டாங்குச்சியில் கருவாட்டுச் சோறு

கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து எலி அறுத்துப் போட்டது. அந்த ஆத்திரத்தில் கருவாட்டுச் சோற்றில் எலி மருந்தை உதிர்த்துப் பிசைந்து, கொட்டாங்குச்சிகளில் வரப்பு நெடுக வைத்தேன். நாயும் கோழியும் திரிகிற இடம், வேண்டவே வேண்டாம் என்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் வைத்தேன். காலி உறையைக் குப்பைக்குழியில் ஆழத் திணித்தேன்.

மறுநாள் காலை எங்கள் நாய் ஒரு கொட்டாங்குச்சியைக் கவ்விக்கொண்டு வாலாட்டியபடி வாசலுக்கு வந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை.

"இன்னாங்க, மருந்து வெச்சீங்களா?" என்றாள் மனைவி.

"நான் இன்னாத்துக்கு வெக்கிறேன்? பக்கத்துக் கயனிக்காரன் வெச்சிருப்பான்." கூசாமல் சொன்னேன்.

எதிர்வீட்டு டிராக்டர்காரர் ஓடிவந்தார். "சாணி கரைச்சி ஊத்துண்ணா, அல்லாம் வெளிய வந்துடும்."

எங்கள் ஊரில் மனிதர் விஷம் குடித்தாலும் இதே கண்றாவி வைத்தியம்தான். அவர் நாயின் தாடையைப் பிளந்து பிடிக்க, நான் சொம்பு சொம்பாய் ஊற்றினேன். மூக்கில் ஏறித் திணறியது. பிறகு என் காலிலேயே கக்கியது. சாணி, கொழகொழத்த சோறு, கருவாட்டு முள், நடுவே பச்சைப் பச்சையாய் மருந்துத் துணுக்குகள்.

"பொயச்சிக்கிச்சி" என்று டிராக்டர்காரர் கையைக் கழுவிக்கொண்டு போனார். நாயும் எழுந்து நடந்தது. நான் நாஷ்டா தின்ன உட்கார்ந்தேன். வெட்கங்கெட்ட வயிறு.

மனைவிக்கு மனசு ஆறவில்லை. உத்திரமேரூர் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சாணியா? நுரையீரலுக்குள்ள போயிருந்தா அதுவே கொன்னுடும்மா! நல்லா நடக்குதுன்னு விட்டுடாதீங்க. சில எலி மருந்து ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசிய வைக்கும். எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம். கவரோட உடனே தூக்கிட்டு வாங்க."

"கவருக்கு நான் எங்க போவேன்? வெச்சவன் யாருன்னே தெர்லியே" என்று அழுதாள்.

நான் எழுந்து குழிக்குப் போனேன். முழங்கை வரை விட்டுத் துழாவினேன். கோழிக் குடல், ஊசிப்போன குழம்பு, பேத்தியின் டயப்பர். விரலிடுக்கில் புழு நெளிந்தது. உறையை உருவித் திரும்பினால், அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தப் புழுவே தேவலை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். இதுவரை ரத்தம் கசியவில்லை. வெறும் மாத்திரையை நாய் துப்பிவிடுகிறது. கருவாட்டில் பொதிந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. மனைவி தொட மாட்டேன் என்றுவிட்டாள். "வெச்ச கையாலயே குடுங்க."

தினமும் கொடுக்கிறேன். மோந்துகூடப் பார்க்காமல் என் கையிலிருந்து வாங்கி விழுங்குகிறது. எனக்குத்தான் குமட்டுகிறது.